பட்டறைப் பிள்ளைக்கும் விடுகைப் பத்திரம் வேண்டும்



நமது குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப்பற்றிப் பேச்செழும்போது பெரும்பாலும் பள்ளிக்கூடப் படிப்பையே கருதுகிறோம். சாதாரண தரத்தில் எத்தனை பாடம் சித்தி, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு, பல்கலைக்கழகம் கிடைக்குமா என்பதே பேச்சு. ஆனால் கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, குண்டசாலை முதலிய சுற்றுப்புறங்களிலும், கராஜுகளிலும் லேத் பட்டறைகளிலும் தச்சுக்கூடங்களிலும் தையற்கடைகளிலும் ஹோட்டல் சமையற்கட்டுகளிலும் நின்று தொழில் பழகும் பிள்ளைகளும் படிக்கிறவர்களே. அவர்களுக்குப் பட்டறையே வகுப்பறை; பாஸே ஆசிரியர். இப்பிள்ளைகளில் ஒருவனுடைய வேலை நடுவழியில் போய்விட்டால் அவனது படிப்பு என்னவாகிறது? இதுவே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு பாடசாலையை ஏதோ காரணத்தால் மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பை முடித்த பிள்ளையை மறுபடியும் முதலாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்துவோமா? மாட்டோம். அதிபரிடம் விடுகைப் பத்திரம் பெற்று அடுத்த பாடசாலையிலே பத்தாம் வகுப்பில் சேர்ப்போம். அந்தத் துண்டுக் கடதாசியில் பிள்ளை எங்கே படித்தான், எந்த வகுப்புவரை படித்தான் என்று எழுதியிருக்கும். அதை நம்பி மற்ற அதிபர் ஏற்றுக்கொள்கிறார். பட்டறையில் படித்த பிள்ளைக்கோ அப்படி ஒரு கடதாசி கிடையாது. ஆகையால் அவனை மட்டும் முதலாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புகிறோம்.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பையன் ஒருவனை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இவனைப் போல் பலரை நீங்கள் அறிவீர்கள். சாதாரண தரம் எழுதினான், கணிதம் தவறிவிட்டது. மாமன் ஒருவர் மூலமாகக் கண்டியில் ஒரு கராஜில் கோலயாவாகச் சேர்ந்தான். முதல் ஆறு மாதம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவியதும், பாஸ் கேட்ட இலக்கத்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததும், எல்லாருக்கும் தேநீர் வாங்கி வந்ததுமே வேலை. இரண்டாம் வருடம் பிரேக் கழற்றிப் பூட்டினான். கிளட்ச் தகடு மாற்றினான். மூன்றாம் வருடம் எஞ்சின் இறக்கும்போது பாஸ் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, வால்வு அரைக்கக் கொடுத்தார். இன்னும் ஒரு வருடம் நின்றால் தனியாக எஞ்சின் திறந்து மூடக்கூடிய தொழிலாளியாவான். அந்த வேளையில் கராஜ் பூட்டப்படுகிறது.

பூட்டுவதற்கு நமது ஊரில் காரணங்களுக்குக் குறைவில்லை. 1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது முதலாளிமாரின் இழப்பைப்பற்றி எழுதினார்கள். அக்கடைகளின் பின்கட்டில் தொழில் பழகி நின்ற பிள்ளைகளைப்பற்றி எழுதியவர்கள் குறைவு. 2018 மார்ச்சில் திகனை முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் கடைகள் தாக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் உல்லாசப் பயணிகள் வராமல் ஹோட்டல்கள் வெறிச்சோடின. 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022இல் டொலர் இல்லை, டீசல் இல்லை, சீமெந்து விலை எட்டாத உயரம். கட்டட வேலைகள் பாதியில் நின்றன. 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. இவையெல்லாம் பெரிய காரணங்கள். இவற்றைவிட அதிகமாகப் பட்டறைகளைப் பூட்டுகிறவை சின்னக் காரணங்கள்: முதலாளி காலமாகிறார், காணியை விற்கிறார்கள், மகன் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறான், குத்தகை முடிகிறது.

பையன் வீட்டுக்கு வருகிறான். இரண்டு வாரம் லயத்து வாசலில் இருக்கிறான். மூன்றாம் வாரம் கொழும்பிலே புடவைக்கடையிலோ சாப்பாட்டுக்கடையிலோ ஆள் தேவை என்று தகவல் வருகிறது. சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, மாதச் சம்பளம் உடனே கைக்கு வரும். தகப்பனார் அனுப்பிவிடுகிறார். மூன்று வருடத்துக் கைத்தொழில் அன்றோடு சரி. பத்து வருடத்துக்குப் பின் அவனைக் கேட்டால், "அந்தக் காலத்தில் கொஞ்சம் கராஜ் வேலையும் பழகினேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வான்.

தகப்பனாரைக் குறை சொல்வது எளிது. மாதச் சம்பளத்தில் அரிசியும் மாவும் வாங்கவேண்டிய வீட்டில், கையில் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? ஆனால் அவர் முன் சரியான கணக்கை யாரும் எடுத்துவைக்கவில்லை என்பதும் உண்மை. மகனுடைய பயிற்சியில் மீதி இருப்பது எவ்வளவு? நான்கு வருடமா, ஒரு வருடமா, எட்டு மாதமா? எட்டு மாதம் பொறுத்தால் வாழ்நாள் முழுவதற்கும் கைத்தொழிலாளியின் சம்பளம் என்று தெரிந்தால், ஏதாவது வழி பார்த்திருப்பார். மீதி எவ்வளவு என்று தெரியாதபடியால் எல்லாம் போய்விட்டதென்று முடிவுகட்டினார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தச் சங்கடம் புதியதன்று. ஐரோப்பாவில் தொழிற்சங்கக் கூட்டங்கள் பட்டணங்களை ஆண்ட காலத்திலும், எஜமான் இறந்துபோனால் சீடப்பிள்ளை தெருவில் விடப்படுவதில்லை. லண்டன் பட்டணத்தில் அவனை அதே தொழில் செய்யும் வேறோர் எஜமானிடம் மாற்றிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஏழு வருட ஒப்பந்தத்தில் நான்கு கழிந்திருந்தால், புதிய எஜமானிடம் மிகுதி மூன்றையே கழிப்பான். கழிந்தது கழிந்ததாகவே எண்ணப்பட்டது. எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருந்தபடியால்தான் இது முடிந்தது.

இத்தாலியில் தூரின் நகரத்திலே புனித டொன் பொஸ்கோ செய்ததை நம்மிற் பலர் அரைகுறையாக அறிவோம். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து ஜெபமும் விளையாட்டும் கற்பித்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் முத்திரைக் கடதாசியில் ஒப்பந்தம் எழுதியவர் என்பதையும் சொல்லவேண்டும். 1852 பெப்ரவரி 8ஆம் தேதி, ஒரு தச்சு எஜமானுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் உள்ளது. சிறுவனின் தகப்பனாரோடு டொன் பொஸ்கோவும் அதில் கைச்சாத்திட்டார். இரண்டு வருடத்தில் தொழிலைக் கற்பித்து முடிக்கவேண்டும். பிழை கண்டால் வாயால் திருத்தவேண்டுமேயன்றிக் கைநீட்டக்கூடாது. தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைக்கு ஏவக்கூடாது. ஞாயிறும் கடன் திருநாட்களும் பிள்ளைக்கு உரியவை. இவ்வளவும் எழுத்திலே. வெளிப் பட்டறைகளில் பிள்ளைகள் பட்ட தொல்லைகளைக் கண்டு, 1853 முதல் தமது இல்லத்திலேயே சப்பாத்துத் தைப்பதற்கும் தையலுக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். 1958இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவரை இத்தாலியத் தொழிற் பயிலுநரின் பாதுகாவலராக ஏற்படுத்தியது இந்தக் கடதாசி வேலைகளுக்காகவும்தான் என்றே நான் எண்ணுகிறேன்.

நமது காலத்துக்கு வருவோம். இந்தியாவில் 1961ஆம் வருடத்துப் பயிலுநர் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. ஒப்பந்தம் செய்த முதலாளியால் அதை நிறைவேற்ற முடியாமற்போனால், அரசாங்கப் பயிலுநர் ஆலோசகரின் சம்மதத்தோடு, மிகுதிக் காலத்துக்கு வேறொரு முதலாளி அப்பிள்ளையை ஏற்றுக்கொள்ளலாம். அந்த உடன்படிக்கை பதியப்பட்டதும் பழைய ஒப்பந்தத்தின் இடத்தைப் பெற்றுவிடும். இங்கிலாந்தில் இன்னொரு விதம். பயிற்சியில் நூற்றுக்கு 75 பங்கை முடித்தவனோ, முடிக்க ஆறு மாதத்துக்குட்பட்ட காலமே உள்ளவனோ ஆட்குறைப்பினால் வேலையை இழந்தால், புதிய முதலாளி கிடைக்காவிட்டாலும் மிச்சப் பயிற்சிக்கான செலவை அரசாங்கமே கொடுத்து முடிக்கவைக்கிறது. ஏனையோருக்குப் புதிய முதலாளியைத் தேட 12 வாரத் தவணை உண்டு. இவ்விரு நாட்டாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: பிள்ளை எவ்வளவு முடித்திருக்கிறான்?

நமது நாட்டில் உள்ளவை

இலங்கையில் தொழிற் பயிலுநருக்கான சட்டம் 1971இல் வந்தது. அதன்படி தேசிய பயிலுநர் சபை அமைந்தது. 1990ஆம் வருடத்து 20ஆம் இலக்கச் சட்டத்தின்பின் அதன் இடத்தில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இயங்குகிறது. 'நைட்டா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் பதிந்த பிள்ளைக்கு முதலாளி, பயிலுநர், அதிகார சபை என்று மூன்று பக்கத்தாரும் சேர்ந்த ஒப்பந்தம் உண்டு. உங்கள் பிள்ளை பதிந்தவனாயின், பட்டறை மூடப்படும் செய்தி காதில் விழுந்த அன்றே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். மிகுதிக் காலத்துக்கு வேறு இடத்தில் அமர்த்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நாளாந்தம் எழுதிவந்த பயிற்சிக் குறிப்பேட்டைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கராஜ் மேசை இழுப்பறையில் அதை விட்டுவிட்டு வந்தால், பூட்டின பின் எடுப்பது சிரமம்.

ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதியாதவர்கள். மாமன் சொன்னார், பாஸ் சரி என்றார், பிள்ளை போய் நின்றான். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அவனுக்கும் வழி அடைபடவில்லை. இதைத்தான் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும்.

தேசிய தொழில் தகைமை என்ற முறையொன்று நாட்டில் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதை நடத்துகிறது. அதில் ஏழு மட்டங்கள் உள்ளன. தனியாக நின்று வேலைசெய்யக்கூடிய தேர்ந்த கைவினைஞனுக்கு உரியது 4ஆம் மட்டம்; 5ம் 6ம் டிப்ளோமா; 7 பட்டம். வகுப்பில் ஒரு நாளும் இருந்திராதவனும், பட்டறை அனுபவத்தைக் காட்டி, தான் செய்த வேலைகளுக்கு ஆதாரம் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்துகாட்டி இச்சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு தொழிலும் பல அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எல்லா அலகிலும் தேறாவிட்டாலும், தேறிய அலகுகளைக் குறித்துச் சான்று தருவார்கள். குறைந்தவற்றைப் பின்பு பழகி நிறைவுசெய்யலாம். நமது புசல்லாவைப் பையன் இதைத் தெரிந்திருந்தால், மூன்று வருடமும் வீண் என்று எண்ணியிருக்கமாட்டான். பிரேக்கும் கிளட்சும் தெரியும், எஞ்சின் மட்டும் மிச்சம் என்று அறிந்திருப்பான்.

மொழியைப்பற்றி ஒரு வார்த்தை. கண்டிப் பட்டறைகளில் பேச்சு சிங்களத்தில். சாமான்களின் பெயர் ஆங்கிலத்தில். நம் பிள்ளையின் எழுத்தறிவோ தமிழில். வருடக்கணக்காக வெல்டிங் செய்த பிள்ளை, வினாத்தாளிலே 'உருக்கி ஒட்டல்' என்று கண்டதும் ஏதோ புதுத் தொழில் என்று திகைக்கிறான். கை தவறாத இடத்தில் சொல் தவறிவிடுகிறது. பரிசோதனைக்கு முன் அந்தத் தொழிலின் தமிழ்ச் சொற்களை யாராவது ஒருவர் இரண்டு மூன்று மாலை அவனோடிருந்து வாசித்துக் காட்டினால் போதும். நமது பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லையே!

சட்டத்தைப்பற்றியும் அறிந்திருப்பது நல்லது. 1950ஆம் வருடத்துக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 'வேலையாள்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில், பயிலுநர் ஒப்பந்தத்தின்கீழ் வேலைசெய்கிறவனும் அடங்குவான்; ஒப்பந்தம் எழுத்திலிருந்தாலும் வாய்ச்சொல்லாயிருந்தாலும் சரி. ஆகவே அநியாயமாக விலக்கப்பட்ட பிள்ளை தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் விசாரிக்கலாம். முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு, தாமதிக்கக்கூடாது. ஆனால் ஒன்று: பணம் கிடைத்தாலும் அது பயிற்சியை முடித்துத் தராது. நொடித்துப்போன சின்ன முதலாளியோடு வழக்காடி, அவர் மனமுவந்து எழுதித் தரக்கூடிய கடிதத்தையும் இழந்துவிடுவது புத்தியன்று என்பது என் அபிப்பிராயம்.

2021 முதல் 16 வயது நிரம்பாதவரை வேலைக்கமர்த்துவது சட்டவிரோதம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை கராஜில் வேலைசெய்கிறான் என்றால் அவனுக்கு வேண்டியது பாடசாலை. வேறு பட்டறை அன்று.

இரண்டாவது பாஸ்

மிகவும் கடினமான காரியம் மிகுதிக் காலத்துக்கு ஏற்றுக்கொள்ளும் ஒருவரைக் கண்டுபிடிப்பது. இவ்விதழை வாசிக்கிறவர்களில் கராஜ், மரவேலைத்தளம், அச்சகம், தையற்கடை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களோடுதான் இதைப் பேசவேண்டும். "மற்றவன் பழக்கின பிள்ளை வேண்டாம், கை கோணலாயிருக்கும்; புதிதாக ஒருவனை நானே பழக்குவேன்" என்று நீங்கள் சொல்வது வழக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு பாஸுக்கும் ஒவ்வொரு கைப்பாணி. ஆனாலும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். பையன் தெரியும் என்று சொல்லும் வேலை ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் நில்லுங்கள். கருவியை எடுக்கும் விதத்திலேயே பாதி விளங்கிவிடும். உண்மையாகத் தெரிந்திருந்தால், அவனை மறுபடி சாமான் கழுவ வைக்காதீர்கள். புதுப் பையனின் சம்பளத்தையும் கொடுக்காதீர்கள். மூன்று வருடம் பழகியவனை முதல் நாள் கோலயாவின் சம்பளத்தில் வைத்திருப்பது மலிவான வேலையாள் தேடுகிற தந்திரமேயன்றி உபகாரமன்று. பிள்ளைகள் அதை ஒரே மாதத்தில் கண்டுகொண்டு கொழும்புக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

வீட்டில் பணமுடை இருந்தால் பாதி வழி இருக்கிறது. கிழமையில் நான்கு நாள் கூலி வேலை, இரண்டு நாள் பட்டறை என்று ஒழுங்குசெய்த குடும்பங்கள் உண்டு. காலம் நீளும், ஆனால் கை மறக்காது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் பகுதிநேர வகுப்புகளும் நடைபெறுவதுண்டு. கண்டிக் கல்லூரியில் உங்கள் பிள்ளையின் தொழிலுக்கு என்ன வகுப்பு இருக்கிறது என்று நேரில் சென்று விசாரியுங்கள். பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபையாருக்கும் ஒரு விண்ணப்பம்: வேலையிழந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பது நல்ல காரியம், அதே வீட்டுப் பையனுக்கு எட்டு மாத பஸ் பணத்தைக் கொடுத்தால், அடுத்த வருடம் அந்த வீடு உங்களிடம் வராமலே இருக்கக்கூடும்.

பெண்பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். தையற்கடை மூடினால், "அதுவும் நல்லதுதான், வீட்டிலிருக்கட்டும்" என்று சொல்லிக் கலியாணப் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். சட்டை வெட்டப் பழகி, கோட்டு வெட்டப் பழகாமல் நின்றுபோன பிள்ளைக்கும் மிகுதி இருக்கிறது. அவளுக்கும் இதே தகைமை, இதே பரிசோதனை உண்டு.

கடிதத்தை எப்படி எழுதுவது?

இனி அந்த விடுகைப் பத்திரத்துக்கு வருவோம். "இவர் நல்லவர், நேர்மையானவர், வேலைத்திறமையுள்ளவர்" என்று எழுதிய கடிதங்கள் ஒரு பயனும் தருவதில்லை. அப்படி எல்லோருக்கும் எழுதுகிறார்கள். வேண்டியது வேலைகளின் கணக்கு. எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதிவரை நின்றான், என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது. பட்டறை மூடியதால் என்று தெளிவாக இருந்தால், பிள்ளை துரத்தப்பட்டவன் என்ற சந்தேகம் வராது. அதன்பின் தனியாகச் செய்யத் தெரிந்த வேலைகள் ஒரு பந்தியில். பாஸோடு சேர்ந்து உதவியாளாகச் செய்தவை இன்னொரு பந்தியில். இன்னும் பழகாதவை மூன்றாம் பந்தியில். இந்த மூன்றாம் பந்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "எஞ்சின் பிரித்துப் பூட்டுதல் இன்னும் தனியாகச் செய்யவில்லை" என்று எழுதியிருந்தால், வாசிக்கும் புதிய பாஸ் மற்ற இரண்டு பந்திகளையும் நம்புவார். எதிலிருந்து தொடங்குவது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பாஸுக்கு எழுத வராவிட்டால் பையனே எழுதட்டும். அவர் வாசிக்கக் கேட்டுக் கையொப்பம் வைக்கட்டும். சிங்களத்தில் எழுதினாலும் நல்லதே. கண்டியில் வாசிக்கப் போகிறவர் பெரும்பாலும் சிங்களவராகவே இருப்பார். கடையின் ரப்பர் முத்திரை இருந்தால் குத்திக்கொள்ளுங்கள். முதலாளி கோபத்தில் மறுத்தால், கூட வேலைசெய்த மூத்த தொழிலாளியோ, வாகனம் திருத்திக்கொண்ட வாடிக்கையாளர் ஒருவரோ எழுதித் தரலாம். செய்த வேலையின் புகைப்படங்கள் கைத்தொலைபேசியில் இருந்தால் அழிக்கவேண்டாம், அவையும் ஆதாரமே.

கடிதத்துக்கு மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகும். கடந்த புயலில் எத்தனை வீடுகளின் பத்திரங்கள் நனைந்துபோயின என்பது நமக்குத் தெரியும். பட்டறை பூட்டி ஆறு மாதமோ ஒரு வருடமோ சென்றுவிட்டது என்றாலும் வெட்கப்படத் தேவையில்லை. பழைய பாஸின் வீடு பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின், தகப்பனாரும் கூடப் போய் அந்த மூன்று பந்திகளையும் எழுதுவித்துக்கொண்டு வரட்டும்.